பனிக்கடலில் தலைமைப் பயிற்சி: பெண் விஞ்ஞானிகளின் துருவப் பயணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலோர ஊர் ஒன்றில் கடல் உயிரியல் கற்பிக்கிறேன். 'ஹோம்வர்ட் பவுண்ட்' என்ற அண்டார்டிகா பயணத் திட்டத்தைப் பற்றி ஒருமுறை வகுப்பில் சொன்னதிலிருந்து, ஆய்வு மாணவிகளும் அவர்களைப் பெற்றவர்களும் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஹோம்வர்ட் பவுண்ட் என்பது என்ன?

அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம், மருத்துவம் ஆகிய துறைகளில் இருக்கும் பெண்களுக்கான ஓராண்டுத் தலைமைப் பயிற்சி. ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. தலைமைப் பயிற்சி அளிப்பதையே தொழிலாகக் கொண்ட ஃபேபியன் டாட்னர், ஹோபார்ட்டில், அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள தென்கடலின் உயிரினங்களை ஆராய்ந்துவந்த ஜெஸ் மெல்போர்ன்-தாமஸ் ஆகிய இருவரும் சேர்ந்து உருவாக்கினார்கள்.

துருவ ஆய்வில் இருந்த பெண்கள் சிலருக்கு டாட்னர் பயிற்சி அளித்துக்கொண்டிருந்தபோது, அண்டார்டிகா ஆய்வில் தலைமைப் பதவிக்கு வர வேண்டுமானால் முதலில் தாடி வேண்டும் என்று அவர்கள் சொன்னார்களாம். இந்தத் திட்டத்தின் விதை அந்தப் பேச்சுதான். 2016 டிசம்பரில், அர்ஜென்டினாவின் தென்கோடியிலுள்ள உஷுவாயா துறைமுகத்திலிருந்து 76 பெண்களோடு முதல் கப்பல் புறப்பட்டது. ஏறக்குறைய மூன்று வாரப் பயணம். பெண்கள் மட்டுமே சேர்ந்து அவ்வளவு பெரிய குழுவாக அண்டார்டிகாவுக்குப் போனது அதுவே முதல் முறை. பத்து ஆண்டுகளில் ஆயிரம் பெண்கள் என்பது தொடக்கத்தில் வைத்துக்கொண்ட இலக்கு. கொரோனா வந்ததும் கப்பல்கள் நின்றன. பயிற்சி இணையவழியில் தொடர்ந்தது, பயணங்கள் பிறகு மீண்டும் தொடங்கின.

தலைமைப் பயிற்சிக்கு அண்டார்டிகா எதற்கு? ஊட்டியில் ஓர் அரங்கம் போதாதா?

பயிற்சியின் பெரும்பகுதி வீட்டில் உட்கார்ந்தபடி இணையத்தில்தான் நடக்கிறது. தன் குணத்தைத் தானே அளந்து பார்ப்பது, திட்டமிடுவது, மேடையிலும் ஊடகத்திலும் பேசுவது, சேர்ந்து வேலை செய்வது எல்லாம் மாதக்கணக்கில் தொடரும். கப்பல் அதன் இறுதிக் கட்டம்.

அந்த இறுதிக் கட்டத்துக்கு ஊட்டி போதாது என்றுதான் நினைக்கிறேன். ஊட்டிக்குப் போனாலும் மாலையில் வீட்டிலிருந்து போன் வரும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்பார்கள், துறைத்தலைவர் ஒரு கோப்பைக் கேட்பார், பாதிப் பேர் மறுநாள் காலையிலேயே பஸ் ஏறிவிடுவார்கள். தென்கடலில் இறங்கிப்போக இடம் கிடையாது. தன் ஆய்வகத்தில் ஒரே பெண்ணாக இருந்து பழகியவர், அங்கே சுற்றிலும் தன்னைப் போன்ற எழுபது எண்பது பேரோடு மூன்று வாரம் சாப்பிட்டு, தூங்கி, சண்டை போட்டு, சமாதானமாகி வாழ்கிறார். ஒரு கூட்டத்தில் தன் குரல் எடுபடாமல் போவது தனக்கு மட்டும் நேர்ந்த குறையல்ல என்று தெரிவதே பெரிய பாடம்.

இன்னொரு காரணமும் உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் உலகில் மிக வேகமாக வெப்பமேறிய இடங்களில் அண்டார்டிகத் தீபகற்பம் ஒன்று. ஐம்பது ஆண்டுகளில் ஏறக்குறைய 3 டிகிரி செல்சியஸ். பருவநிலை பற்றி முடிவெடுக்கும் இடங்களுக்குப் போக வேண்டியவர்கள் அதை நேரில் பார்ப்பதற்கு அர்த்தம் இருக்கிறது. பாரிஸ் ஒப்பந்தம் உருவானபோது ஐ.நா. பருவநிலை அமைப்பின் செயலராக இருந்த கிறிஸ்டியானா ஃபிகெரஸ் மூன்றாவது பயணத்தில் பயிற்றுநராகக் கப்பலிலேயே கூட வந்தார்.

பெண்களுக்கு மட்டும் எதற்குத் தனிக் கப்பல்? இது பாகுபாடு இல்லையா?

அதிகம் வரும் கேள்வி இதுதான். பழைய கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் இதற்குப் பதில் விளங்கும்.

1914-இல் பிரிட்டனின் துருவப் பயணி ஷாக்கில்டன் தென்துருவப் பயணத்துக்கு ஆள் எடுத்தபோது மூன்று இளம்பெண்கள் தங்களையும் சேர்த்துக்கொள்ளக் கேட்டுக் கடிதம் எழுதினார்கள். இடமில்லை என்று பதில் போனது. 1937-இல் பிரிட்டனில் திட்டமிடப்பட்ட ஒரு பயணத்துக்கு 1,300 பெண்கள் விண்ணப்பித்தார்கள். ஒருவரைக்கூட எடுக்கவில்லை. அதன்பின் பல ஆண்டுகள் கழித்தும், அண்டார்டிகாவில் கடை இல்லை, சிகை அலங்கார நிலையம் இல்லை, பெண்களுக்கு அந்த இடம் பிடிக்காது என்ற ரீதியில் பிரிட்டிஷ் அலுவலகத்திலிருந்து பதில் போயிருக்கிறது. அமெரிக்காவில் ஆட்களை ஏற்றிப்போவது கடற்படையின் பொறுப்பு. பெண்களை ஏற்ற மாட்டோம் என்பதில் 1969 வரை கடற்படை உறுதியாக நின்றது. சோவியத் நாட்டின் மரியா கிளெனோவா 1955-56-லேயே அண்டார்டிகக் கரையோரத்தில் கடலடி நிலவியல் ஆய்வு செய்திருந்தார் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1969-இல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் புவிவேதியியலாளர் லாயிஸ் ஜோன்ஸ் பெண்கள் மட்டுமே கொண்ட நால்வர் குழுவோடு, அண்டார்டிகாவில் பனி மூடாத உலர் பள்ளத்தாக்குகளுக்குப் போனார். பாறையை உடைத்துச் சுமந்து, தாங்களே கூடாரம் அடித்து வேலை பார்த்தார்கள். அந்த நவம்பரில் அந்த நால்வரையும், நியூசிலாந்தின் உயிரியலாளர் பாம் யங்கையும், பத்திரிகையாளர் ஜீன் பியர்சனையும் விமானத்தில் தென்துருவத்துக்குக் கூட்டிப்போனார்கள். விமானத்தின் பின்பக்கச் சாய்தளம் இறங்கியது. யார் முதலில் கால் வைப்பது என்ற கேள்வி வந்தது. ஆறு பேரும் வரிசையாக நின்று, கையோடு கை கோத்து, ஒரே நேரத்தில் காலை எடுத்து வைத்தார்கள். "முதல் பெண்" என்ற பட்டத்தை அவர்களில் யாரும் தனியாக எடுத்துக்கொள்ளவில்லை. தலைமை என்றால் என்ன என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது அந்தக் காட்சியைத்தான்.

அடுத்த ஆண்டு மின்பொறியாளர் ஐரீன் பீடன் அண்டார்டிகாவிலுள்ள அமெரிக்காவின் பேர்ட் நிலையத்துக்குக் கிளம்பினார். பனிக்குள் ரேடியோ அலைகள் எப்படிப் பரவுகின்றன என்பது அவருடைய ஆய்வு. துணைக்கு இன்னொரு பெண் இல்லாமல் அனுப்ப முடியாது என்றது கடற்படை. கடைசியில் நியூசிலாந்திலிருந்து மலையேறத் தெரிந்த ஒரு நூலகர் துணைக்கு வந்தார். ஆய்வை முடித்துக் கட்டுரையாக வெளியிடாவிட்டால் இனி ஒரு தலைமுறைக்குப் பெண்களை அனுப்ப மாட்டோம் என்று பீடனிடம் சொல்லி அனுப்பினார்கள். அனுப்பிய கருவிகள் வழியில் தொலைந்தன. இரவல் கருவிகளை வைத்து ஆய்வை முடித்தார். எந்த ஆண் விஞ்ஞானியும் தன் இனம் முழுவதின் எதிர்காலத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு பனிக்குள் இறங்கியதில்லை. ஐம்பது அறுபது ஆண்டுகள் கதவை மூடி வைத்தவர்கள் செய்தது பாகுபாடு. அந்த இழப்பை ஈடுகட்ட ஒரு கப்பல் விடுவதைப் பாகுபாடு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அதெல்லாம் பழங்கதை. இப்போது வசதி இல்லாததால்தானே பெண்களை எடுப்பதில்லை?

"வசதி இல்லை" என்பது அண்டார்டிகாவில் பிறந்த சாக்கு அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருத்தி இரவில் கடல்நீர் மாதிரி எடுக்கப் போகும் படகில் இடம் கேட்டாள். படகில் கழிப்பறை இல்லை, பெண்கள் வேண்டாம் என்று அந்த ஆய்வுக் குழுவில் சொல்லிவிட்டார்கள். குழுவில் இருந்த தம்பி ஒருவன் எடுத்து வந்த பாட்டில்களை வைத்துத்தான் ஆய்வேட்டை முடித்தாள். மாதிரி எடுத்த ஆழத்தையும் நேரத்தையும் அவன் சரியாகக் குறித்திருப்பானா என்ற கவலையோடேதான் கடைசி வரை இருந்தாள். ஒரு மறைப்புத் துணியும் ஒரு வாளியும் போதுமாக இருந்த விஷயம் அது. படகு கிளம்பிய அன்று நானும் வாதாடவில்லை. இப்போதும் உறுத்துகிறது.

பெண்கள் அங்கே உண்மையிலேயே பொறுப்பில் இருந்திருக்கிறார்களா?

இருந்திருக்கிறார்கள், நன்றாகவே நடத்தியிருக்கிறார்கள். இறால் போன்ற கிரில் என்ற சிற்றுயிரை ஆராய்ந்த மேரி ஆலிஸ் மெக்வின்னி 1974-இல் அமெரிக்காவின் மெக்மர்டோ நிலையத்தின் அறிவியல் தலைவராகக் குளிர்காலம் முழுவதும் அங்கே இருந்தார். அவரோடு இருந்த இன்னொரு பெண் மேரி ஓடில் கஹூன், உயிரியல் பேராசிரியரான கன்னியாஸ்திரி. 1989-இல் ஆஸ்திரேலியாவின் மாசன் நிலையத்துக்கு டயானா பேட்டர்சன் தலைவரானார்.

எனக்கு மிகவும் பிடித்தது ஜெர்மனியின் நோய்மாயர் நிலையக் கதை. 1990-91-இல் ஒன்பது பெண்கள் மட்டுமே தங்கி ஒரு முழுக் குளிர்காலத்தைக் கடந்தார்கள். மருத்துவர் மோனிகா புஸ்கெப்பலைட் தலைவர். வானிலையாளர், புவி இயற்பியலாளர், பொறியாளர், ரேடியோ இயக்குநர், சமையல்காரர் என்று எல்லாப் பொறுப்பிலும் பெண்களே. ஜெனரேட்டர் நின்றால் அவர்களே சரிசெய்ய வேண்டும், ஒருவருக்கு உடம்புக்கு வந்தால் அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும். பல மாதங்களுக்கு வெளியிலிருந்து யாரும் வர முடியாத இடம் அது.

இந்தியப் பெண்கள் போயிருக்கிறார்களா?

1983-84-இல், மூன்றாவது இந்தியப் பயணத்திலேயே இருவர் போனார்கள். ஒருவர் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் நிலவியலாளர் சுதீப்தா சென்குப்தா. டென்சிங் நார்கேயிடம் மலையேற்றப் பயிற்சி பெற்றவர், ஷிர்மாக்கர் குன்றுகளின் பாறைகளை ஆராய்ந்தார். மற்றவர் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் அதிதி பந்த். இந்தியாவின் முதல் நிலையமான தட்சிண் கங்கோத்ரி கட்டப்பட்டது அந்தப் பயணத்தில்தான். சென்குப்தா 1989-இல் மீண்டும் போய் வந்தார்.

அடுத்து, இஸ்ரோவின் மங்களா மணி. 2016 நவம்பரில் 56-ஆவது வயதில் அண்டார்டிகாவிலுள்ள இந்தியாவின் பாரதி நிலையத்துக்குப் போய் 403 நாட்கள் இருந்தார். 23 பேர் கொண்ட குழுவில் ஒரே பெண். செயற்கைக்கோள்கள் அனுப்பும் தரவுகளை இறக்கிக்கொள்ளும் நிலையத்தை இயக்குவது வேலை. அதற்கு முன் அவர் பனிப்பொழிவைப் பார்த்ததே இல்லையாம். "வயசாகிவிட்டதே", "நமக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாதே" என்று தயங்குகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

கப்பலில் ஒரு நாள் எப்படிப் போகும்?

உஷுவாயாவிலிருந்து பீகிள் கால்வாய் வழியே வெளியேறியதும் டிரேக் நீரிணை. ஏறக்குறைய 800 கிலோமீட்டர் அகலம், கடக்க இரண்டு நாள். அலைகளைத் தடுக்க நிலமே இல்லாத கடல் என்பதால் அங்கே கப்பல் தொட்டிலாக ஆடும். அனுபவம் உள்ளவர்களும் படுத்துவிடுவார்கள். மாத்திரையை அலை வருவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும், வந்த பிறகு போட்டால் தங்காது.

தீபகற்பத்தை அடைந்ததும் வகுப்பும் கரையிறங்கலும் மாறி மாறி நடக்கும். கரையிறங்குவது ஒரு சடங்கு மாதிரி. முதல் நாளே பைகளையும் கோட்டுப் பைகளின் மூலைகளையும் வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுப்பார்கள். ஊரிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த ஒரு புல்விதைகூட அங்கே இறங்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் பூட்ஸைக் கிருமிநாசினித் தட்டில் முக்கித் தேய்க்க வேண்டும். பிறகு ரப்பர் படகு. ஒரே நேரத்தில் நூறு பேருக்கு மேல் கரையில் நிற்கக் கூடாது, பென்குயினிடமிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பென்குயின் தானாக நடந்து வந்தால் நாம்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும். பறவைக் காய்ச்சல் பரவிய பிறகு தரையில் உட்காரவும் அனுமதி இல்லை. மாலையில் கப்பலுக்குத் திரும்பி, ஒவ்வொருவரும் தன் ஆய்வை மற்றவர்களுக்கு விளக்குவார்கள். நரம்பியல் மருத்துவர் ஒருவர் பனியாற்று ஆய்வாளரிடம் கேட்கும் கேள்வி, அவருடைய சொந்தத் துறையில் யாரும் கேட்காத கேள்வியாக இருக்கும்.

பாதுகாப்பானதா? மறைக்காமல் சொல்லுங்கள்.

குளிரும் அலையும் சமாளிக்கக் கூடியவை. மனிதர்கள் விஷயத்தில்தான் கவனம் வேண்டும். அமெரிக்க அண்டார்டிகத் திட்டத்தில் வேலை செய்த பெண்களிடம் கேட்டு 2022-இல் வெளியான அறிக்கையில், 59 சதவீதம் பேர் பாலியல் தொல்லையோ தாக்குதலோ தங்களுக்கு நேர்ந்ததாகச் சொன்னார்கள். நிலவியலாளர் ஜேன் வில்லென்பிரிங் மாணவியாக இருந்த 1999-2000 பயணத்தில், தன் ஆய்வு வழிகாட்டியிடமே பட்ட கொடுமையை 2016-இல்தான் புகாராகக் கொடுத்தார். வேலை நிரந்தரமாகும் வரை காத்திருந்தார். அந்த வழிகாட்டியின் பெயரைத் தாங்கியிருந்த அண்டார்டிகப் பனியாறு 2018-இல் மதாதாவுவா என்று பெயர் மாற்றப்பட்டது. அந்த வழிகாட்டி பல்கலைக்கழகப் பதவியையும் இழந்தார்.

பெண்கள் மட்டும் போகும் பயணம் என்றாலே எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ஹோம்வர்ட் பவுண்டின் முதல் பயணத்தைப் பற்றியும் கலந்துகொண்டவர்கள் சிலர் பின்னர் கடுமையான குறைகளை வெளிப்படையாகப் பேசினார்கள். போகிறவர்கள் கேட்க வேண்டியதைக் கிளம்புமுன்பே கேளுங்கள். புகார் வந்தால் கப்பலில் யார் விசாரிப்பார்? அவர் பயிற்சிக் குழுவைச் சேராதவரா? கரைக்கு வந்தபின் யாரிடம் போவது? வாயால் அல்ல, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து என்ன பயன்? மாற வேண்டியது நிறுவனங்கள்தானே?

இந்த விமர்சனத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். உலக ஆராய்ச்சியாளர்களில் பெண்கள் மூன்றில் ஒரு பங்கு என்கிறது யுனெஸ்கோ. மேலே போகப் போக அந்தப் பங்கு சுருங்குகிறது. அதற்குக் காரணம் பெண்களுக்குத் தன்னம்பிக்கை போதவில்லை என்று சொல்வது அநியாயம். பீடனுக்கு என்ன தன்னம்பிக்கை குறைவு? அவருக்குத் தேவைப்பட்டது ஒரு விமான இருக்கை. தலைமை என்பது பொறுப்பை ஒருவர் கையில் கொடுக்கும்போது வளர்வது. பயிற்சி முடித்து வருகிற பெண்ணுக்கு ஒரு குழுவை நடத்தும் பொறுப்பை அவர் நிறுவனம் கொடுக்காவிட்டால், அவருக்கு மிஞ்சுவது புகைப்படங்கள்தான். அதனால் விண்ணப்பிப்பவர்களிடம் நான் சொல்வது: கிளம்புமுன் உங்கள் இயக்குநரிடம், திரும்பி வந்ததும் எனக்கு எந்தப் பொறுப்பு என்று கேளுங்கள்.

அப்படியானால் பயணமே வேண்டாமா? வேண்டும். நிறுவனம் மாறும்வரை காத்திருந்தால் ஒரு பெண்ணின் ஆய்வு வாழ்க்கை முடிந்துவிடும். ஒரு சிக்கல் வந்தால் போன் செய்து பேச இருபது நாடுகளில் ஆள் இருப்பது சின்ன விஷயம் அல்ல.

பருவநிலை பற்றிப் பேச விமானமும் கப்பலும் ஏறிப் போவது முரண் இல்லையா?

முரண்தான். அங்கே போகும் ஒவ்வொருவராலும் கணிசமான கரியமில வாயு வெளியாகிறது, மரம் நட்டுக் கணக்கை நேர்செய்து விட முடியாது. வாழ்நாளில் ஒருமுறை, ஒரு நோக்கத்தோடு போவதை ஏற்கலாம் என்பது என் கருத்து. ஏற்காதவர்களின் வாதமும் வலுவானதே.

செலவு?

பல்லாயிரம் டாலர். பெரும்பாலானோர் நிறுவன நிதி, நன்கொடை, இணையவழி நிதிதிரட்டல் என்று சேர்த்துத்தான் போகிறார்கள். நகையை அடகு வைத்துப் போக வேண்டிய பயணம் இல்லை இது.

மாதவிடாய், கழிப்பறை இதெல்லாம் எப்படி?

அம்மாக்கள் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கும் கேள்வி. கூச்சப்பட ஒன்றுமில்லை. கப்பலில் அறையோடு கழிப்பறை உண்டு, கவலையே இல்லை. பனியில் கூடாரம் போட்டுத் தங்கும் களப்பணி வேறு மாதிரி. அங்கே கழிவைப் பனியில் விட்டுவிட்டு வரக் கூடாத இடங்கள் நிறைய. உலர் பள்ளத்தாக்குகளில் சிறுநீரைக்கூட பாட்டிலில் பிடித்துத் திரும்ப எடுத்துவர வேண்டும். பிளவுகள் உள்ள பனியாற்றில் இடுப்புக் கயிற்றை அவிழ்க்காமலேயே ஒதுங்க வேண்டியிருக்கும். உடன் வருபவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், அது அங்கே எழுதாத ஒழுக்கம். நின்றபடியே சிறுநீர் கழிக்க உதவும் புனல் ஒன்று கிடைக்கிறது. அதை வீட்டுக் குளியலறையில் பலமுறை பழகிவிட்டுப் போவது நல்லது. மென்சுரல் கப் பயன்படுத்துகிறவர்கள் அதிகம், குப்பை மிச்சம். கைகழுவத் தண்ணீர் வேண்டுமென்றால் பனியை உருக்க வேண்டும் என்பதால், சிலர் மருத்துவரைக் கலந்து மாத்திரையால் தள்ளிப் போடுகிறார்கள். குழுத்தலைவர் இதைப் புறப்படுமுன் எல்லோர் முன்னிலையிலும் சாதாரணமாகப் பேசிவிட்டால் பாதிச் சங்கடம் தீரும்.

தமிழ்நாட்டில் இருக்கிறேன். துருவ ஆய்வுக்கு வேறு வழி உண்டா?

உண்டு, கைக்காசு இல்லாமலே உண்டு. கோவாவின் வாஸ்கோவில் உள்ள தேசியத் துருவ மற்றும் கடல் ஆராய்ச்சி மையம் ஒவ்வோர் ஆண்டும் அண்டார்டிகப் பயணத்துக்கு ஆய்வுத் திட்டங்களைக் கேட்டு அறிவிப்பு வெளியிடும். பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் விண்ணப்பிக்கலாம். தேர்வானவர்களுக்கு மருத்துவப் பரிசோதனையும், உத்தராகண்டின் ஆலியில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையினர் தரும் பனிப் பயிற்சியும் உண்டு. மைத்ரி, பாரதி என்று இரண்டு நிலையங்கள் அண்டார்டிகாவில் இயங்குகின்றன. ஆர்க்டிக் பக்கம் ஸ்வால்பார்டில் 2008 முதல் ஹிமாத்ரி என்ற இந்திய நிலையம் இருக்கிறது. அதன் அருகிலுள்ள காங்ஸ்ஃபியார்டனில் 2014-இல் கடலுக்குள் நிறுத்தப்பட்ட இண்டார்க் என்ற கண்காணிப்புக் கருவித் தொகுப்பை உருவாக்கியது சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம். துருவத்துக்கு ஒரு வழி வேளச்சேரி பக்கத்திலேயே இருக்கிறது.

இளம் ஆய்வாளர்களுக்கு 'ஏபெக்ஸ்' என்ற உலகளாவிய துருவ ஆய்வாளர் சங்கம் உண்டு. பள்ளி மாணவிகளுக்கு, பனியாற்று ஆய்வாளர் எரின் பெட்டிட் 1999-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'கேர்ல்ஸ் ஆன் ஐஸ்' ஒரு நல்ல முன்மாதிரி. பதினாறு பதினேழு வயதுப் பெண்களைக் கட்டணமின்றிப் பனியாற்றுக்குக் கூட்டிப்போய், என்ன ஆராய்வது என்ற கேள்வியை அவர்களையே எழுப்பச் சொல்கிறார்கள். கங்கோத்ரியிலோ லடாக்கிலோ நம் பிள்ளைகளுக்கு அப்படி ஒன்றை யாராவது தொடங்கினால், முதல் ஆளாக வந்து வேலை செய்யத் தயாராக இருக்கிறேன்.

நீச்சல் தெரிய வேண்டுமா?

கட்டாயம் இல்லை. ரப்பர் படகில் உயிர்காப்பு அங்கி போட்டுத்தான் ஏற்றுவார்கள். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் படகோட்டியின் கையைப் பிடிக்கக் கூடாது, முழங்கைக்குக் கீழே முன்கையைப் பிடிக்க வேண்டும், அவரும் உங்கள் முன்கையைப் பிடிப்பார். ஈரக் கையுறையோடு விரல்கள் வழுக்கும், முன்கை வழுக்காது. தோழி ஒருத்தியோடு வீட்டு வாசற்படியில் இன்றைக்கே பழகிப் பாருங்கள்.